மூடிய கோப்புறைக்குள் கிட் ஏன் நுழைவதில்லை?

கூந்தன்குளம் பறவைகளைப் பற்றி இணையதளம் ஒன்றை உருவாக்கிவரும் பாளையங்கோட்டை மாணவி ஒருவர், "படங்கள் கோப்புறையை விலக்கிவிட்டு, அதிலுள்ள நாரைப் படத்தை மட்டும் சேர்க்கச் சொன்னேன் சார்; கிட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை" என்று எழுதியிருந்தார். கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் மென்பொருளான கிட், எவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் அவருடைய விலக்கு விதிக்கோப்பில் (.gitignore) இருந்தவை இரண்டே வரிகள்:

படங்கள்/
!படங்கள்/நாரை

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கிய கிட் மென்பொருளில், பல விதிகள் ஒரே கோப்புக்குப் பொருந்தினால் கடைசியாகப் பொருந்தியதே செல்லும். ஆச்சரியக்குறி விலக்கை நீக்கும். சாய்கோடு வரியின் தொடக்கத்திலோ நடுவிலோ இருந்தால் விதிக்கோப்பு இருக்கும் இடத்திலிருந்து பாதை கணக்கிடப்படும். இறுதியில் இருந்தால் அவ்விதி கோப்புறைக்கு மட்டுமே பொருந்தும், அதே பெயருள்ள சாதாரணக் கோப்பைத் தொடாது. இவ்வளவும் மாணவிக்குத் தெரிந்தவைதாம்.

அவர் கவனிக்காதது, இந்த விதிகள் எந்த வரிசையில் சோதிக்கப்படுகின்றன என்பதை. கிட் எல்லாக் கோப்புகளையும் முதலில் பட்டியலிட்டுவிட்டுப் பிறகு சலிப்பதில்லை. மேலிருந்து ஒவ்வொரு கோப்புறையாக இறங்கி வருகிறது. பழவூர் அணைக்கட்டில் பாளையங்கால்வாயின் தலைமதகை அடைத்துவிட்டு, மேலப்பாளையத்து வயலில் மடையைத் திறந்து வைத்தால் தண்ணீர் வருமா? அதைப்போலவே 'படங்கள்/' என்ற வரியைக் கண்டதும் கிட் அக்கோப்புறையின் வாசலிலேயே திரும்பிவிடுகிறது. உள்ளே நாரை என்றொரு கோப்பு இருப்பதே அதற்குத் தெரியாதபோது, இரண்டாம் வரியை எதனோடு ஒப்பிடும்? இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள் பல்லாயிரம் கோப்புகளாக அடங்கிய நூலகக் கோப்புறையை ஒவ்வொரு முறையும் வீணாகத் துழாவாமல் இருப்பதற்காகவே, வேகத்தை முன்னிட்டு, இப்படி வைத்திருக்கிறார்கள்.

தீர்வு ஒரே ஒரு குறியில் இருக்கிறது. முதல் வரியை 'படங்கள்/*' என்று மாற்றினால் கோப்புறை திறந்தே இருக்கும். அதன் உள்ளடக்கம் ஒவ்வொன்றாக விலக்கப்படும். நாரையின் முறை வரும்போது இரண்டாம் வரி அதை மீட்டுவிடும். நாரை 'பறவை' என்ற உட்கோப்புறையில் இருந்தால், முதல் வரி அந்த உட்கோப்புறையையும் மூடிவிடும் என்பதாலும், ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டைத் தாண்டாது என்பதாலும், படிப்படியாகத் திறக்க வேண்டும்:

படங்கள்/*
!படங்கள்/பறவை/
படங்கள்/பறவை/*
!படங்கள்/பறவை/நாரை

எத்தனை நிலைகளையும் தாண்டும் இரட்டை நட்சத்திரம் 2013இல் வெளியான 1.8.2 பதிப்பில்தான் இவ்விதிகளுக்குள் வந்தது.

இணையதளத்தின் கோப்புறை முழுவதையுமே அழித்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று கல்லூரிகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. கணினிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. விதிக்கோப்பும் கூடவே இறங்குவதால் பழைய தடை அப்படியே திரும்பிவரும், இதுவரை சேர்க்கப்படாத நாரைப் படம்தான் காணாமல் போயிருக்கும். அதற்குப் பதிலாக 'கிட் செக்-இக்னோர் -வி' (git check-ignore -v) என்ற கட்டளையோடு படத்தின் பாதையைக் கொடுத்தால், எந்த விதிக்கோப்பின் எத்தனையாவது வரி தடுக்கிறது என்பதை அதுவே காட்டிவிடும். மாணவி கொடுத்துப் பார்த்தபோது திரையில் வந்தது முதல் வரி.