தொண்டியின் சூடை மீனும் மூன்று கண்டங்களின் தரவுத்தளங்களும்

இராமநாதபுரம் கரையில் சூடை என்று ஏலம் போகும் மீன் ஒரே இனமன்று. உருவத்தில் நெருங்கிய பல இனங்கள் ஒரே வலையில் கலந்து வருகின்றன. செவுளுக்குள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கும் முட்களை எண்ணி அவற்றைப் பிரிக்கலாம் என்றாலும், சில இனங்களில் அந்த எண்ணிக்கையே ஒன்றோடொன்று நெருங்கிவிடுவதால் தேர்ந்த கண்ணுக்கும் ஐயம் எழும். முன்பு இத்தகைய ஐயத்தைத் தீர்க்க, பதப்படுத்திய மீனையே தொலைவிலுள்ள வல்லுநருக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இயங்குகிறது. இத்தகைய துறையில் பயிலும் மாணவர் ஒருவர், துடுப்பின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் நறுக்கி எத்தனாலில் இட்டு, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளை (A, T, G, C எனக் குறிக்கப்படும் வேதி அலகுகளை) படித்தறியலாம். இந்தச் சிறு பகுதியைக் கொண்டே விலங்கினங்களை அடையாளம் காணலாம் என்று 2003-இல் முன்மொழிந்தவர்கள் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட் குழுவினர்.

அந்த எழுத்துவரிசையை அமெரிக்காவின் ஜென்பேங்க் என்னும் பொது மரபணுத் தரவுத்தளத்தில் பதிந்தால், அதற்கென ஒரு பதிவெண் கிடைக்கும். ஜென்பேங்கும், ஐரோப்பிய, ஜப்பானியத் தரவுத்தளங்களும் தமக்குள் நாள்தோறும் தரவுகளைப் பரிமாறிக்கொள்வதால், ஓரிடத்தில் பதிந்தது மூன்று கண்டங்களிலும் கிடைக்கிறது. புதிய வரிசையை ஏற்கெனவே பதிந்துள்ளவற்றோடு ஒப்பிட்டு, நெருங்கிப் பொருந்தும் இனத்தைக் காட்டுவது பிளாஸ்ட் என்னும் மென்பொருள். கோடிக்கணக்கான வரிசைகளை முழுமையாக ஒப்பிட்டால் நேரம் போதாது என்பதால், அது முதலில் அப்படியே பொருந்தும் சிறு துண்டுகளைத் தேடிப் பிடித்து, அவ்விடங்களிலிருந்து மட்டும் இருபுறமும் ஒப்பீட்டை நீட்டிச் செல்கிறது. சில நொடிகளிலோ நிமிடங்களிலோ விடை வந்துவிடும். அதற்குக் கட்டணமும் இல்லை. ஆய்விதழ்களைப் படிப்பதற்கான தடையும் குறைந்திருக்கிறது: ஆய்விதழ்களுக்கான சந்தாவை ஒன்றிய அரசே செலுத்தும், 2025 முதல் நடப்பிலுள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் உள்ளடக்கியது. கரையோர வளாகங்களுக்கு இது மிகப் பெரிய வாய்ப்பு என்றே கருதுகிறேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதலில் பதிந்தவர் இனத்தைத் தவறாகக் குறித்திருந்தால், அவருடைய வரிசையோடு பொருந்தும் மீன்களுக்கெல்லாம் அதே தவறான பெயர் தொற்றிக்கொள்ளும். ஜென்பேங்கில் ஒரு பதிவைத் திருத்தும் உரிமை அதைப் பதிந்தவருக்கே உரியது என்பதால், ஐயம் கொள்ளும் அயல்நாட்டு ஆய்வாளர் அவருக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு விடை சொல்ல, பிடித்த இடமும் நாளும் குறித்த சீட்டோடு அந்த மீன் துறையின் கண்ணாடிக் குடுவையில் இருந்தாக வேண்டும்.