உதட்டு ஃபில்லர்: செலவைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது

ஃபில்லர் என்ற நிரப்புப் பொருளை ஊசியால் ஏற்றி உதட்டைக் கொஞ்சம் எடுப்பாக்க எவ்வளவு ஆகும் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. போட்டது பிடிக்காமல் போனாலோ, போடும்போது தவறு நேர்ந்தாலோ, அதைக் கரைக்க முடியுமா?

ஹயலுரானிக் ஆசிட் ஃபில்லர் என்றால் முடியும். நம் தோலிலேயே நீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்தான் இது. அதை ஜெல்லாக்கி சிரிஞ்சில் அடைத்துத் தருகிறார்கள். ஹயலுரானிடேஸ் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் இந்த ஜெல் கரைந்துவிடும். ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் 1 மி.லி. இருக்கும், அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. முதல் முறைக்கு அரை மி.லி. முதல் 1 மி.லி. வரை போதும். காசு கொடுத்தாயிற்றே என்று மிச்சத்தையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அளவு மீறினால் ஜெல் உதட்டு விளிம்பைத் தாண்டி மேலே நகர்ந்து மீசை இடத்தில் மேடு தட்டும். பலன் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிற்கும்.

'நிரந்தரம்' என்று சொல்லித் திரவ சிலிக்கானை ஊசியாகப் போட வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைக் கரைக்க மருந்தே கிடையாது. வருடங்கள் கழித்துக்கூடக் கட்டிகள் கிளம்பும். அறுத்து எடுத்தாலும் முழுதாக வராது. ஊசியில்லாமல் காற்றழுத்தத்தில் ஃபில்லரைச் செலுத்தும் 'பேனா' கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் எச்சரித்தது. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு போகிறது என்பதை அதில் கட்டுப்படுத்த முடியாது.

வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ சொந்தக் கொழுப்பை எடுத்து நிரப்பலாம். அதில் எவ்வளவு தங்கும், எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைவெளி நீளமாக இருப்பவர்களுக்கு மேலுதட்டை உயர்த்தும் லிப் லிஃப்ட் அறுவை பொருந்தும், மூக்கின் அடியில் தழும்பு இருக்கும். சிரிக்கும்போது மேலுதடு உள்ளே மடிவதுதான் குறை என்றால் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி சில யூனிட் போதும். இரண்டு மூன்று மாதம் நிற்கும், ஸ்ட்ராவில் உறிஞ்சுவது கொஞ்ச நாள் சிரமமாகலாம். உதடு கருத்திருப்பதற்காக ஃபில்லர் கேட்டு வருபவர்களும் உண்டு. ஃபில்லர் நிறத்தை மாற்றாது. புகை, உதட்டை நக்கும் பழக்கம், லிப்ஸ்டிக் அல்லது பற்பசை ஒவ்வாமை ஆகியவற்றில் எது காரணம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனி மிக முக்கியமான ஆபத்து. இரண்டு உதடுகளிலும் தமனிகள் ஓடுகின்றன. அவை ஓடும் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். ஜெல் தமனிக்குள் போனால் ரத்த ஓட்டம் அடைபடும், நேரம் கடந்தால் திசு அழுகும். மிக அரிதாகக் கண்பார்வையே போயிருக்கிறது. சாதாரண வீக்கமும் ரத்தக்கட்டும் மெல்ல வந்து மெல்லக் குறையும். அடைப்பு அப்படியல்ல. அந்த இடம் வெளிறும், பிறகு வலை பின்னியதுபோல் திட்டுத்திட்டாக ஊதா படரும், வலி கூடிக்கொண்டே போகும். மரத்துப்போகும் மருந்து அந்த வலியைச் சில மணி நேரம் மறைத்துவிடலாம் என்பதால் வலியை மட்டும் நம்பக் கூடாது. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கருத்த உதட்டில் வெளிறல் தெரியாது. உதட்டை மடக்கி உட்புறத்தைப் பாருங்கள், மூக்கோரத் தோலையும் பாருங்கள்.

அடைப்பு என்று தெரிந்தால் உடனே ஹயலுரானிடேஸ், தேவைப்பட்டால் மணிக்கு ஒரு முறை, ஓட்டம் திரும்பும்வரை. நம் ஊரில் 1500 யூனிட் வயல்களாக, அதாவது சிறு மருந்துக் குப்பிகளாகக் கிடைக்கிறது. ஒன்று போதாமல் போகலாம். 'கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா, எத்தனை வயல்?' என்று கேளுங்கள். தடுமாறினால் அங்கே போடாதீர்கள். அழகு நிலையத்தில் இந்த மருந்தும் இருக்காது, அதைப் போடத் தெரிந்தவரும் இருக்க மாட்டார். போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்பதையும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

உதட்டில் அக்கி அடிக்கடி வருபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊசி அதைக் கிளப்பிவிடும், தடுக்க மாத்திரை உண்டு. தேனீ கொட்டிக் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் சொல்ல வேண்டும், கரைக்கும் மருந்தே அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம். பல் சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.

வீக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருக்கும், உண்மையான வடிவம் இரண்டு வாரத்தில்தான் தெரியும். கல்யாணத்துக்காக என்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, பெட்டியில் உள்ள பேட்ச் எண் ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கூப்பிட்டாலும் எடுக்கும் மருத்துவரின் எண்ணை வாங்காமல் கிளினிக்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.