தொப்பைக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து லைபோசக்ஷன் முறையில் ஆளுக்குச் சுமார் பத்து கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இது. சாப்பாட்டைக் குறைத்து பத்து கிலோ இறக்கியிருந்தால் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இவர்களை இரண்டரை, மூன்று மாதம் கழித்துச் சோதித்துப் பார்த்தால், அப்படி எந்த மாற்றமும் இல்லை. அத்தனை கொழுப்பு போயும் உடம்புக்கு அது தெரியவே இல்லை!

உறிஞ்சு குழாய் எட்டியது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும்தான் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம். வயிற்றைக் கிள்ளினால் விரலில் அகப்படுகிறதே, அந்தக் கொழுப்பு. கிள்ளினால் அகப்படாத இன்னொரு வகை, வயிற்றுத் தசைகளுக்கும் உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிந்திருக்கிறது. இதை உள்ளுறுப்புக் கொழுப்பு என்கிறார்கள். வயதான காலத்தில் மூளைக்கு வரும் சிக்கல்களோடு சேர்த்துப் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஆள்தான்.

அப்படி என்ன செய்கிறது இது? கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அல்ல, ஓயாமல் ரசாயனங்களைச் சுரக்கும் ஓர் உறுப்பு. உள்ளே இருக்கும் கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பும்போது, நோய் எதிர்ப்பு செல்கள் அங்கே வந்து குவிகின்றன. கிருமி எதுவும் இல்லாமலே கிருமி வந்துவிட்டதுபோல எச்சரிக்கை விடுக்கின்றன. இந்த நிலைக்குப் பெயர்தான் அழற்சி. அந்த எச்சரிக்கைப் பொருள்களில் ஒன்று இன்டர்லூக்கின்-6. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் கல்லீரல். மிகவும் பருமனானவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் சிரையிலும் கையிலுள்ள தமனியிலும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். போர்ட்டல் சிரையில் இன்டர்லூக்கின்-6 சுமார் 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தச் சேதி கிடைத்ததும் கல்லீரலும் தன் பங்குக்கு அழற்சிப் புரதங்களைச் சுரந்து உடம்பெங்கும் அனுப்புகிறது.

சரி, மூளைக்குத்தான் காவல் உண்டே? உண்டு. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் கண்டதையும் உள்ளே விடாது. ஆனால் வருடக்கணக்கில் நீடிக்கும் அழற்சி அந்தக் காவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. உள்ளே துப்புரவு வேலை பார்க்கும் மைக்ரோக்ளியா செல்கள் எரிச்சலடைந்து, காக்க வேண்டிய நரம்பு இணைப்புகளையே சேதப்படுத்தலாம். கூடவே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறினால், மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்டு அடைபடுகின்றன. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடம்பின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. ரத்த ஓட்டம் கொஞ்சம் சுணங்கினாலும் அதற்குத் தாங்காது.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இன்சுலின் கதை. வேலை முடிந்த இன்சுலினைச் சிதைக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமைலாய்ட் பீட்டா புரதத்தைச் சிதைப்பவற்றில் அதுவும் ஒன்று. வயிற்றுக் கொழுப்பால் இன்சுலின் எடுபடாமல் போனால், கணையம் மேலும் மேலும் சுரந்து தள்ளுகிறது. நொதிக்கு அதைச் சிதைக்கவே நேரம் போதாது, அமைலாய்ட் தேங்குகிறது என்பது ஒரு கருதுகோள். இது இன்னும் முழுதாக நிரூபணம் ஆகவில்லை.

மனிதர்களிடம் கிடைத்த சான்றுகளில் முக்கியமானது 2008-இல் வந்தது. 1964-க்கும் 1973-க்கும் இடையே, வட கலிபோர்னியாவில் 40 முதல் 45 வயதான 6,583 பேரின் வயிற்றுத் தடிமனை, முதுகிலிருந்து தொப்புள் பக்கம் வரை, இடுக்கி போன்ற கருவியால் அளந்து வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு பதிவேடுகளைப் புரட்டினால், வயிற்றுத் தடிமன் மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்த வாய்ப்பு, மிகக் குறைவாக இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 2019-இல் பிரிட்டனில் 9,652 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்த ஆய்விலோ, எடையும் இடுப்பும் பெருத்தவர்களின் மூளையில் நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி சராசரியாக 786 கன சென்டிமீட்டர். எடை சரியாக இருந்தவர்களுக்கு 798. வித்தியாசம் சிறியதுதான். தொப்பைதான் மூளையைச் சுருக்கியது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது.

இனி ஒரு முடிச்சு. எழுபது வயதுக்கு மேல் ஆட்களை எடுத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஒல்லியானவர்களிடம்தான் மறதிநோய் அதிகம்! அப்படியானால் தொப்பை நல்லதா? 10,308 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். 60, 70 வயதுப் பருமனுக்கு அந்தத் தொடர்பு இல்லை. பின்னாளில் நோய் வந்தவர்கள், நோய் கண்டறியப்படுவதற்கு 16 முதல் 28 ஆண்டுகள் முன்பு மற்றவர்களைவிடப் பருமனாக இருந்தார்கள். கடைசி எட்டு ஆண்டுகளில் மற்றவர்களைவிட மெலிந்திருந்தார்கள். மெலிவு நோயைக் கொண்டுவரவில்லை, நோய்தான் மெலிவைக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதனால்தான் முதியவர் ஒருவர் முயற்சி எதுவும் இல்லாமல் இளைத்துக்கொண்டே போனால், அதைப் பாராட்டாமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. வயது ஏற ஏறத் தசை கரைந்து அந்த இடத்தைக் கொழுப்பு பிடிப்பதால், இருபது வருடம் எடை மாறாதவருக்கும் இடுப்பு பெருத்திருக்கும். எடை மெஷின் இதைக் காட்டிக்கொடுக்காது, தையல் நாடா காட்டிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள் யாரை ஏமாற்றுகிறார்களோ! வந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருந்தால் நல்லது. தொடர்ந்து வேகமாக நடப்பவர்களுக்கு, எடை அப்படியே இருந்தாலும்கூட உள்ளுறுப்புக் கொழுப்பு குறைவதுண்டு. அதனால் இரண்டு மாதம் நடந்துவிட்டு எடை மெஷினில் ஏறி ஏமாந்துபோனால், அப்புறம் ஒருமுறை நாடாவையும் எடுத்துப் பாருங்கள்.