கேஸ் நிரப்புவதற்கு முன் ஐஸைப் பாருங்கள்: மழைக்காலத்தில் ஒழுகும் ஃப்ரிட்ஜ்

ஜூன் மாதம் மும்பையில் மழை பிடித்ததும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று நம் ஆட்கள் இருக்கிற பக்கமெல்லாம் ஒரே மாதிரிப் புகார்தான். "ஃப்ரிட்ஜுக்கு அடியில தண்ணி நிக்குது." "மேல ஐஸ் மலை மாதிரி கட்டுது, கீழ பால் திரிஞ்சு போகுது." வருகிற மெக்கானிக் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "கேஸ் கதம் ஹோ கயா" என்கிறார். அதாவது குளிரூட்டும் வாயு தீர்ந்துவிட்டதாம். ஆயிரக்கணக்கில் பணம் போகிறது. பத்து நாள் கழித்து அதே ஐஸ், அதே தண்ணீர்.

தரையில் நிற்கும் தண்ணீருக்கும் கேஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தண்ணீர்க் குழாய் இணைத்த பெரிய மாடல்களை விட்டுவிட்டால், ஒழுகுவது முழுக்கச் சமையலறைக் காற்றில் இருந்த ஈரம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்று உள்ளே போகிறது. அதிலுள்ள ஈரம், ஃப்ரீசர் பின்பேனலுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) பட்டு உறைபனியாக ஒட்டிக்கொள்கிறது. ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடலில் சுமார் 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள, ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் 20, 30 நிமிடம் எரியும். உருகிய தண்ணீர் ஒரு சிறிய துளை வழியாகக் குழாயில் இறங்கி, பின்னால் கம்ப்ரசருக்கு மேல் இருக்கும் ட்ரேயில் விழும். கம்ப்ரசர் சூட்டிலேயே அது ஆவியாகிவிடும். ஜூலையில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். உள்ளே போகும் ஈரமும் கூடுதல், ட்ரே காய்வதும் மெதுவு. கோடையில் தெரியாமல் இருந்த சின்னக் கோளாறெல்லாம் இப்போது வெளியே வருவது இதனால்தான்.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். காய்கறி ட்ரேயைத் தூக்கினால் அடியில் குளமாக இருக்கிறதா, ஃப்ரீசர் தரையில் கண்ணாடி மாதிரி ஐஸ் படலம் இருக்கிறதா? வடிகால் துளை அடைத்திருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், சுவர் ஓரம் தண்ணீரா? ட்ரே விரிசல் விட்டிருக்கும், இடம் நகர்ந்திருக்கும், அல்லது நிரம்பி வழிகிறது. கதவின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்ப்பது மழைக்காலத்தில் பெரும்பாலும் கோளாறே இல்லை, துடைத்துவிட்டால் போதும்.

வடிகால் அடைப்பை வீட்டிலேயே எடுக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். வெறும் சுவிட்சை அணைத்தால் போதாது. துளை கீழ்ப்பகுதியின் பின்சுவரில் தெரிந்தால் வேலை சுலபம். ஃப்ரீசர் பேனலுக்குப் பின்னால் என்றால் முதலில் ஐஸ் முழுவதும் உருக வேண்டும். ஊசியில்லாத 50 மில்லி சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, துளைக்குள் மெல்ல அழுத்துங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், உள்பிளாஸ்டிக் வெடிக்கும். கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை, மாவுப் பிசுக்கு எல்லாம் குழாயில் சேர்ந்து கொழகொழவென்று அடைத்திருக்கும். அதைத் தள்ள மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் நன்றாக உதவும். இரும்புக் கம்பியை விடவே கூடாது. குழாய் கிழிந்தால் தண்ணீர் ஃப்ரிட்ஜின் ஃபோமுக்குள் போய்விடும். அதற்கு மருந்தே கிடையாது. சில மாடல்களில் குழாயின் கீழ் முனையில் வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் மூடி இருக்கும். அழுக்கு அதில்தான் தங்கும், கழற்றிக் கழுவுங்கள்.

அடைப்பை எடுத்தும் சில நாளில் துளை மறுபடி உறைகிறது என்றால், ஹீட்டரிலிருந்து துளைக்குள் இறங்கும் சின்ன அலுமினியப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் சூட்டைத் துளைக்குக் கொண்டுபோவது அதுதான். ஹீட்டர் மாற்றும் அவசரத்தில் அதைத் திருப்பிப் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கிற தவறு.

இனி பெரிய விஷயம். ஃப்ரீசரில் குளிர் இருக்கிறது, கீழே இல்லை. பின்பேனலில் வெள்ளையாக ஐஸ். சில சமயம் ஃபேன் ஐஸில் உரசி கரகரவென்று சத்தம். இது கேஸ் குறைவா, டிஃப்ராஸ்ட் கோளாறா? காயிலே சொல்லிவிடும். பேனலைக் கழற்றினால் காயில் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பஞ்சுப் பொதி மாதிரி ஐஸ் மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட் நடக்கவில்லை. கேஸ் குறைந்திருந்தால் முதல் ஓரிரு வளைவுகளில் மட்டும் ஐஸ் பிடித்து, மீதிக் குழாய் வெறுமையாக நிற்கும். கேஸ் விலை பேசுவதற்கு முன் "பேனல் கோல்கே காயில் திகாயியே" என்று கேளுங்கள். பேனலைத் திறந்து காயிலைக் காட்டச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

பேனலைத் தொடாமலும் கண்டுபிடிக்கலாம். ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, பிளக்கை எடுத்து, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணிகளைப் போட்டுவையுங்கள், ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர்கூட வரலாம். அரைநாளில் திரும்பப் போட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் ஐஸ் கரையாது, சோதனை பொய்யாகும். பிறகு ஓட விட்டால் சில நாள் அருமையாகக் குளிர்ந்து மறுபடி அதே கதை என்றால், கேஸ் நிச்சயம் இருக்கிறது. கேஸ் கசிந்த ஃப்ரிட்ஜ் ஐஸை உருக்கியதற்காக மீண்டும் குளிராது.

எப்போது உருக்க வேண்டும் என்பதை டைமர் முடிவுசெய்யும் பழைய மாடல்களில் டிஃப்ராஸ்ட் சர்க்யூட்டில் பார்க்க வேண்டியவை நான்கு: ஹீட்டர், தெர்மல் ஃப்யூஸ், டைமர், பைமெட்டல். மல்டிமீட்டர் தெரிந்தவர் கையில் அரைமணி நேர வேலை. ஹீட்டரின் ஓம் அளவுக்கு ஒரு கணக்கு: 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 150 வாட் ஹீட்டர் 350 ஓம் பக்கமும், 120 வாட் ஹீட்டர் 440 ஓம் பக்கமும் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் ஹீட்டர் போய்விட்டது. சூடு அளவு மீறினால் அறுந்து ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் ஃப்யூஸ், சாதாரண அறைச் சூட்டில் தொடர்ச்சி (மின்சாரம் தாண்டும் இணைப்பு) காட்ட வேண்டும். டைமரின் திருகை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், கம்ப்ரசர் நின்று, காயில் நன்றாகக் குளிர்ந்திருந்தால் ஹீட்டர் எரியும். டைமர் அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டால் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. கம்ப்ரசர் போய்விட்டது என்று அதையே மாற்றிய வீடுகள் உண்டு.

நான்காவது பைமெட்டல், காயில் சூடானதும் ஹீட்டரை நிறுத்தும் சின்ன சுவிட்ச். அதிகம் ஏமாற வைப்பது இதுதான். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிர்ந்தால்தான் அதன் உள் முனைகள் சேரும். அறைச் சூட்டில் சோதித்தால் நல்ல பைமெட்டலும் 'ஓபன்' (இணைப்பு இல்லை) என்றுதான் காட்டும். ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் போதாது. பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் அரைமணி வைத்து, எடுத்த கையோடு பார்க்க வேண்டும். அப்போதும் தொடர்ச்சி இல்லை என்றால் மாற்றலாம். பைமெட்டலும் ஃப்யூஸும் விலை குறைந்த பொருட்கள்தான்.

இன்வர்டர் மாடல்களில் டைமருக்குப் பதில் போர்டும் சென்சாரும். பெரும்பாலும் சென்சார் குளிரக் குளிர ஓம் ஏறும் ரகம். ஐஸ் தண்ணீரில் வைத்தும் எண் அசையாமல் நின்றால் போர்டைக் குறைசொல்வதற்கு முன் சென்சாரை மாற்றிப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். தெர்மல் ஃப்யூஸ் போனால் ஒயரை நேராக முறுக்கி ஷார்ட் செய்து ஓட்டிவிடுகிறார்கள். பைமெட்டல் ஒருநாள் சிக்கினால் ஹீட்டர் அணையாமல் போகலாம். உள்பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். ஃப்யூஸ் போனது எதனால் என்று பார்த்து, அதே டிகிரி எண் அச்சிட்ட ஃப்யூஸையே போடச் சொல்லுங்கள்.

ஒற்றைக் கதவு மாடல்களில் ஹீட்டர் கிடையாது. ஐஸ் 5 மில்லிமீட்டர் தடித்ததும் குளிர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகின் நடுப் பொத்தானை அழுத்துவதோடு சரி. அவசரத்துக்குக் கத்தியோ தோசைக்கரண்டியோ வைத்துக் கொத்தாதீர்கள். ஃப்ரீசர் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது, ஒரு சின்ன ஓட்டை போதும். ஆர்-600ஏ என்று ஸ்டிக்கர் ஒட்டிய மாடலென்றால் அது எரியக்கூடிய வாயு. 'புஸ்' என்று சத்தம் கேட்டால் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சீக்கிரம் உருக வேண்டுமானால், துணியை மடித்துப் போட்டு அதன்மேல் ஒரு பாத்திரம் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்துங்கள். அரைமணியில் ஐஸ் பலகை பலகையாகக் கழன்று வரும்.

ஐஸ் ஏன் இவ்வளவு சேர்கிறது என்பதற்குக் கதவு ரப்பரையும் பார்க்க வேண்டும். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும், மூலைகளிலும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று போகிறது. சோப்புத் தண்ணீரில் பிசுக்கைத் துடைத்து, சுருங்கிய இடத்தில் சுடுதண்ணீர்த் துணி வைத்து இழுத்துவிட்டால் பல ரப்பர்கள் நேராகிவிடும். ரசம், சாம்பாரை மூடாமல் வைப்பதும் இட்லி மாவுக் குண்டானைக் காற்றுத் துளைக்கு முன்னால் நிறுத்துவதும் அதே அளவு கெடுதல். பத்துக்குப் பத்து அறையில் ஃப்ரிட்ஜைச் சுவரோடு ஒட்டத்தான் இடம் இருக்கும், தெரியும். இருந்தாலும் பின்னால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். முன்கால்களைத் திருகி முன்பக்கம் ஒரு நூல் உயரமாக இருக்கட்டும். கதவு தானே சாத்திக்கொள்ளும், உள்தண்ணீரும் துளைப் பக்கம் ஓடும்.

பின்பக்க ட்ரேயை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை ட்ரே ஓரத்திலேயே ஒட்டியிருக்கும். அதனால்தான் நாரால் தேய்க்கச் சொல்வது.

ரிப்பேர் முடிந்ததும் மெக்கானிக் கிளம்புவதற்கு முன் வடிகால் துளையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் பின்னால் ட்ரேயில் சொட்டும் சத்தம் கேட்க வேண்டும். மறுநாள் காலை நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்துப் பாருங்கள். 3 முதல் 5 டிகிரிக்குள் காட்டினால் பாலை உள்ளே வைக்கலாம்.