உலோகத்துக்குள் இருக்கும் அணுக்கொத்துகளை எக்ஸ் கதிர் அளப்பது எப்படி?

1906இல் ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தார். அப்புறம் சும்மா கிடந்த அந்த உலோகம் சில நாட்களில் தானாகவே கெட்டிப்பட்டது. நுண்ணோக்கியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. கெட்டிப்பட்டதன் காரணத்துக்கு நேரடிச் சான்று 1938இல்தான் கிடைத்தது. பிரான்சில் ஆந்த்ரே கினியேவும் பிரிட்டனில் ஜி. டி. பிரெஸ்டனும் தனித்தனியாக, எக்ஸ் கதிர்ச் சிதறலை வைத்தே அதைக் கண்டார்கள். செம்பு அணுக்கள் ஒன்றுகூடி, ஓரிரு அணு அளவே தடிமன் கொண்ட குட்டித் தட்டுகளாகப் படிந்திருந்தன.

பார்க்க முடியாததை எக்ஸ் கதிர் எப்படி அளக்கிறது? அதைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். எலக்ட்ரான் அடர்த்தி எங்கும் ஒரே சீராக இருந்தால், சிறு கோணங்களில் சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அலுமினிய அணுவில் 13 எலக்ட்ரான்கள், செம்பில் 29. செம்பு ஓரிடத்தில் கூடினால் சீர்மை குலைகிறது. அழியாத மிச்சம் நேர்க்கதிரைச் சுற்றி மங்கலான ஒளிர்வாகப் பரவுகிறது. கொத்து எவ்வளவு சிறியதோ, ஒளிர்வு அவ்வளவு அகலம். 0.154 நானோமீட்டர் அலைநீளக் கதிருக்கு, 5 நானோமீட்டர் கொத்து தரும் ஒளிர்வு ஏறக்குறைய 2 டிகிரிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் உணர்கருவியைத் தள்ளி வைத்து, நேர்க்கதிரை ஒரு சிறு உலோகத் துண்டால் மறைக்கிறார்கள்.

கணக்குக்கு வழி காட்டியவரும் கினியேதான். மிகச் சிறிய கோணங்களில், சிதறல் செறிவின் மடக்கையைக் கோணத்தின் இருமடிக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சரிவிலிருந்து கொத்தின் ஆரத்தைக் கணிக்கலாம். மொத்தச் சிதறலைக் கூட்டினால், கொத்துகள் எவ்வளவு கன அளவை நிரப்பியிருக்கின்றன என்பதும் தெரியும். அவற்றின் வடிவம் தெரியவே வேண்டாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, ஏமாறும் இடங்களும் உண்டு. ஒரு கொத்தின் சிதறல் அதன் கன அளவின் இருமடிக்கு ஏற்ப கூடும். ஆரம் இரண்டு மடங்கானால் சிதறல் 64 மடங்கு! பெரியவை சில இருந்தாலே சிறியவை பலவற்றை மறைத்துவிடும். அடர்த்தி வேறுபாடும் இருமடியாகத்தான் கணக்கில் வருவதால், அது கூடுதலா குறைவா என்பது தெரியாது; செம்புக் கொத்தையும் வெற்றுத் துளையையும் வேறுபடுத்த முடியாது. 12 எலக்ட்ரான்களே உள்ள மக்னீசியமோ அலுமினியத்துக்குள் கிட்டத்தட்ட மறைந்தேவிடும். கொத்தில் எந்தத் தனிமம் இருக்கிறது என்று அறிய, எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் அதிவேகமாகச் சுற்றவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்கும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய இயந்திரம் கைகொடுக்கிறது. அங்கே கதிரின் ஆற்றலை நினைத்தபடி மாற்றலாம். துத்தநாகம் கலந்த உலோகம் என்றால், துத்தநாகம் கதிரை விழுங்கத் தொடங்கும் 9.66 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றலை நெருங்கும்போது அந்தத் தனிமத்தின் சிதறல் மட்டும் பலமாக மாறும். ஒளிர்வும் கூடவே மாறினால், கொத்தில் துத்தநாகம் இருக்கிறது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி சில கொத்துகளைத் தெளிவாகக் காட்டும். எக்ஸ் கதிரோ கோடிக்கணக்கானவற்றின் சராசரியை ஒரே அளவீட்டில் தருகிறது. உலோகம் உலையில் சூடாகும்போதே அளக்கவும் முடிகிறது. முதலில் கொத்துகளின் எண்ணிக்கை கூடும். பிறகு சிறியவை கரைந்து அவற்றின் அணுக்கள் பெரியவற்றில் சேரும். எண்ணிக்கை சரிந்து ஆரம் வளர்ந்துகொண்டே போனால், உலோகம் மறுபடி மென்மையாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். சூடாக்குவதை அதற்குள் நிறுத்தியிருக்க வேண்டும்.