பத்திரத்தில் உங்களுக்கென்று ஒரு வரி

மஞ்சள் பையிலிருந்து மூலப்பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார் பெரியவர். எழுபது வயதைத் தாண்டியிருக்கும். வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுத வேண்டுமாம்; அதாவது பணம் வாங்காமல் இப்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம். "உங்களுக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்ன சார், ஒரு ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகிறேன்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எதுவும் பேசவில்லை.

இந்த "எனக்கென்ன" அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் சொல். ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள் என்றால் முகம் சுருங்கிவிடும். பெற்ற பிள்ளையிடமே கணக்குப் பார்ப்பதா என்ற கூச்சம். 'தனக்கு மிஞ்சித்தான் தான தர்மம்' என்று சொல்லி வளர்ந்தவர்கள்தான். பத்திரம் எழுதும் அன்று மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான கொள்கையும் உண்டு. தன் நலனைத் தேடுவதே அறம் என்கிறது அது. 1964இல் அமெரிக்க எழுத்தாளர் அயன் ராண்ட் தன்னலத்தை நற்பண்பு என்றே ஒரு புத்தகத்துக்குத் தலைப்பிட்டார். பகுத்தறிவோடு நடப்பவர்களின் நலன்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்பது அவர் வாதம். பாகப்பிரிவினை வழக்கு எதையும் அவர் அருகில் இருந்து பார்த்ததில்லை போலும். வீட்டை அடமானம் வைத்துத் தொழில் தொடங்க நினைக்கும் மகனும் தன் நலனைத்தான் தேடுகிறான், அதே வீட்டில் கண்மூட நினைக்கும் தகப்பனும் தன் நலனைத்தான் தேடுகிறார். இருவரையும் "உன் வழியே சரி" என்று தட்டிக்கொடுக்கும் கொள்கையை வைத்துக்கொண்டு வழக்கை முடிக்க முடியாது.

அதனால் நான் அவ்வளவு தூரம் போவதில்லை. தன்னைக் காத்துக்கொள்வது சுயநலம் ஆகாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக்கிடம் இல்லாமல் நிற்கும் பெற்றோர் கடைசியில் எங்கே போகிறார்கள்? நான் பார்த்தவரை, சொத்தில் ஒரு செங்கல்கூடப் பெறாத மகள் வீட்டுக்கு. தகப்பன் செய்த தியாகத்தின் செலவை அவள் கட்டுகிறாள்.

சட்டம் காப்பாற்றாதா என்பார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி தருகிறது. கொடுத்தவருக்கு அறுபது வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் நிபந்தனை இருந்ததை நிரூபிக்காவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு, மகனுக்குக் கொடுத்த சொத்தைத் தாய்க்கே திருப்பித் தந்தது. நல்ல தீர்ப்புதான். அதற்காக அந்தத் தாய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பத்திரத்தில் தெளிவாக நான்கு வரி எழுதிக்கொள்வது அதைவிட மலிவு. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற அவசரம் இல்லையென்றால் உயில் போதும், கண்மூடும்வரை மாற்றிக்கொள்ளலாம்.

பெரியவர் அரை மனதோடு சம்மதித்தார். "எழுதிக் கொடுப்பவர் தம் ஆயுட்காலம் வரை மேற்படி வீட்டில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள" என்று வரைவைப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் அந்த அம்மாள் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"அதில் என் பெயரும் வருமா, தம்பி?"