கேனையும் சேர்த்து மூடாதீர்கள்

மலையேற்றக் குழுக்களுக்கு டென்ட், அடுப்பு, பாத்திரமெல்லாம் கொடுத்தனுப்பி, திரும்பி வந்ததும் சரிபார்த்து வாங்கி வைப்பது என் வேலை. அடுப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அடுப்பே சொல்லிவிடும். போன வாரம் வந்த ஒன்றில், பற்றவைக்கும் பொத்தானின் பிளாஸ்டிக் இளகி ஒரு பக்கமாகத் தொங்கியது. கூட வந்த காஸ் கேனின் தோள்பகுதியில் பெயின்ட் பழுப்பேறி, ஓரிடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது.

"காத்து தாங்கலண்ணா. அலுமினியத் தகட்டை நல்லா இறுக்கிச் சுத்தி வெச்சோம், சூப்பரா எரிஞ்சுது" என்றார் அதைத் திருப்பிக் கொண்டுவந்த தம்பி, பெருமையாக.

சூப்பராகத்தான் எரிந்திருக்கும். கேனும் சேர்ந்து வெந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், தீ சீறும். அந்தச் சீறலைத்தான் அடுப்பு நன்றாக வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறீர்கள். இந்த மாதிரிக் கேன்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நான் சொல்வது கேனின் தலையிலேயே நேராகத் திருகி வைக்கும் சின்ன பர்னரைப் பற்றி. காற்றடித்தால் தீ சாயும், தண்ணீர் கொதிக்காது, காஸ் தீரும்; அதெல்லாம் தெரிந்த கதை. காற்றுத்தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பர்னரையும் கேனையும் ஒரே வட்டத்துக்குள் அடைக்காதீர்கள் என்கிறேன். பாத்திரத்தின் அடியில் பட்டுத் திரும்பும் சூட்டுக்கு வெளியே போக வழியில்லை என்றால், அது கேன்மேல்தான் இறங்கும். 50 டிகிரிக்கு மேல் சூடாக விடாதே என்று கேனிலேயே அச்சடித்திருக்கிறது. அதைப் படிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "பாதி கேன் காலிண்ணா, அதுல என்ன அழுத்தம் இருக்கப்போகுது?" எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கேனுக்குள் இருப்பது சைக்கிள் டியூபில் அடைத்த காற்று இல்லை, திரவம். அந்தத் திரவம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்வரை, உள்ளழுத்தத்தைத் தீர்மானிப்பது எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான். வெறும் பியூட்டேன் 20 டிகிரியில் சுமார் 2 பார் காட்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 50 டிகிரியில் ஏறக்குறைய 5 பார். புரொப்பேன் 50 டிகிரியில் 17 பாருக்குப் போகும். நம் கேன்களில் பெரும்பாலும் இவற்றின் கலவைதான் இருக்கிறது. கலவையில் புரொப்பேன் முன்னாலேயே அதிகமாக ஆவியாகிப் போய்விடும் என்பதால், கடைசியில் அழுத்தம் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் நிறைகுடத்தைவிட அரைச்செம்புத் தண்ணீர் சீக்கிரம் சுடும் இல்லையா? தீரப்போகிற கேனும் அப்படித்தான். முழுக் கேன் தாங்கும் அதே சூட்டில் அது வெகு சீக்கிரம் சூடேறிவிடும். ஆக, பாதி காலியான கேனை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

பார்ப்பது என்றால் கையால் பார்ப்பது. எரியும்போது நடுநடுவே கேனின் பக்கவாட்டைத் தொடுங்கள். காஸ் ஆவியாகும்போது கேனின் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், அது சில்லென்றுதான் இருக்க வேண்டும். வெளியே ஈரம் பூத்திருந்தால் நல்லது. வெதுவெதுப்பு தட்டினால் தடுப்பை நகர்த்துங்கள், தீயைக் குறையுங்கள். கை வைக்க முடியாத சூடா? அடுப்பைத் திருகும் குமிழ் கைக்கு எட்டினால் அணையுங்கள். எட்டவில்லை என்றால் அடுப்பையும் அதன் மேலிருப்பதையும் அப்படியே விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். பாத்திரத்தைக் காப்பாற்றக் குனிகிற வீரம் வேண்டாம்.

தடுப்பே இல்லாமலும் இதே விபத்தை வரவழைக்கலாம். கேனைவிட மிக அகலமான பாத்திரத்தை வைத்து மணிக்கணக்கில் எரிப்பது, இரண்டு அடுப்பை ஒட்டி வைத்து மேலே ஒரே பெரிய தட்டைப் போடுவது, இரண்டுமே கேனுக்குக் குடை பிடித்துச் சூட்டைக் கீழே தள்ளும் வேலைதான்.

சரி, காற்றுக்கு என்னதான் செய்வது? முதலில் இடத்தை மாற்றுங்கள். பாறையின் மறைவு எந்தத் தகட்டையும்விட மேல். அதுவும் இல்லையென்றால் காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள், எதிர்ப்பக்கம் தாராளமாகத் திறந்திருக்கட்டும், அடுப்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி விடுங்கள். பர்னர் மட்டத்தில் மட்டும் நிற்கும் தடுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கேன் கீழே வெளிக்காற்றில் இருக்கும். முதுகுப்பையைச் சுவராக வைப்பவர்கள் நைலான் உருகும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு கை நீளத்துக்குத் தள்ளி வையுங்கள். பாத்திரத்துக்கு மூடி போடுங்கள், தீ அடிவிளிம்பைத் தாண்டாமல் பாருங்கள். காற்று திசை மாறும், நீங்களும் மாற்ற வேண்டும்.

கேனைத் தள்ளி வைத்துக் குழாயால் இணைக்கும் காஸ் அடுப்பு, அதேபோல் பாட்டிலைத் தள்ளி வைக்கும் பெட்ரோல் அடுப்பு என்றால் கவலை இல்லை. கேனோ பாட்டிலோ வெளியே இருக்க, பர்னரைச் சுற்றி மறைத்துக்கொள்ளலாம். ஸ்பிரிட் அடுப்புக்குத் தடுப்பு இல்லாமல் ஆகவே ஆகாது. அடியில் காற்றுக்கு ஓட்டை இருந்தால் போதும். ஸ்வீடனின் டிராங்கியா நிறுவனம் 1951-ல் கொண்டுவந்த ஸ்பிரிட் அடுப்புக்குக் காற்றுத்தடுப்புதான் உடம்பே. அதே அடுப்புக்குக் காஸ் பர்னர் வாங்கினால் குழாயோடுதான் வரும், கேன் வெளியேதான் உட்காரும். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிட் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே ஆறும்வரை மறுபடி ஊற்றாதீர்கள்.

"காற்று அதிகம், டென்ட்டுக்குள் வைத்துச் சமைத்தோம்" என்பவர்களிடம் மட்டும் நான் கோபப்படுவதில்லை, கெஞ்சுகிறேன். மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் சேரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அதனால் வரும் தலைவலியும் குமட்டலும் உயரத்தால் வரும் நோய் மாதிரியே இருக்கும். படுத்தால் சரியாகும் என்று அதே டென்ட்டில் படுத்துவிடுவீர்கள். தலை வலித்தால் வெளியே வாருங்கள், மற்றவர்களையும் எழுப்பி வெளியே கூட்டி வாருங்கள்.

கடைசியாக, திருப்பிக் கொடுக்கும்போது. நல்ல கேனின் அடி உள்ளே குழிந்திருக்கும். அது வெளியே தள்ளியிருந்தாலோ, பெயின்ட் நிறம் மாறியிருந்தாலோ, மற்ற கேன்களோடு சேர்த்துப் பைக்குள் திணித்து வைக்காதீர்கள். தனியாக எடுத்து, நடந்ததைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த குழுவின் கையில் அது போய்விடக் கூடாது. திட்ட மாட்டேன், கேனை மட்டும் ஒதுக்கி வைப்பேன்.